பச்சை மரத்தில் செய்த அலமாரி

பாறசாலை
16-3-1994

அன்புள்ள மகன் அஜேஷுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடு. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை அப்படி எழுத மனசு வரவில்லை. மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, எனக்கு முட்டுவலி பழையபடிதான். இதைச் சொல்வதற்காக நான் உட்காரவில்லை. உன் தங்கச்சி ஷியாமளாவுக்கு நாம் கொடுத்த அலமாரியைப் பற்றி எழுதுகிறேன். உன் அப்பா எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார்.

போன ஓணத்துக்கு நீ ஒரு மாச லீவில் வந்து, அந்த லீவுக்குள்ளேயே தங்கச்சி கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று நின்றாய். நல்ல பையன், உதியன்குளங்கரையில் சொந்த வீடு, சரி என்றோம். கல்யாணம் கழிந்து மாப்பிள்ளை வீட்டுக்கு அடுக்களை காணப் போகும்போது பெண் வீட்டார் கட்டிலும் அலமாரியும் கொண்டு போவது வழக்கம்தானே, அதை அப்பாவே கையால் செய்ய வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றதும் நீதான். கட்டிலுக்குக் காய்ந்த மரம் வீட்டில் கிடந்தது, அலமாரிக்கு இல்லை. இருந்ததெல்லாம் அந்த வருஷ மழையில் வெட்டிய அயனி மரம்தான். இந்தப் பலகை நிழலில் அடுக்கி ஒரு வெயில் காலமாவது கிடக்க வேண்டும், அவசரமென்றால் கடையில் ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னார். மரவேலைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் கடை அலமாரியா, ஆட்கள் சிரிப்பார்கள் என்றாய். ஃபேனைப் போட்டு விட்டால் காயாதா என்றும் கேட்டாய். அந்த மனுஷன் உளியையும் சீவுளியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு ஆணி அடிக்காமல் பொருத்துப் பொருத்தாகச் சேர்த்து, கதவில் தாமரைப்பூ செதுக்கி, கை கொப்புளித்துத்தான் முடித்தார். அடுக்களை காணப் போன அன்று அவர்கள் வீட்டு ஹாலில் அத்தனை பேர் முன்னால், எங்க அப்பா கையால செய்ததாக்கும், ஒரு ஆணி கிடையாது, தடவிப் பாருங்க என்று நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அன்றைக்கு எனக்கும் பெருமைதான்.

மகர மாசம் கழிந்து வெயில் ஏறியதும் மரம் தன் புத்தியைக் காட்டியது. பலகை சுருங்கி, தாமரைப்பூ நடுவே கீறல் விழுந்து, ஒரு கதவு முறுக்கிக்கொண்டு அடைக்க முடியாமல் நின்றது. கடையில் வாங்கியிருந்தால் கடைக்காரனைத் திட்டியிருப்பார்கள். யார் செய்தது என்று நீதான் ஊருக்கே சொல்லிவிட்டு ப்ளேன் ஏறினாயே. பச்சை மரத்தடியைத் தந்து ஏமாத்தினவன் மகள் என்று மாமியார் ஷியாமளாவைச் சொல்லாத நாளில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா உளியும் சீவுளியும் போட்ட சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார், நானும் ஒரு குலைப் பழத்தோடு பஸ் ஏறினேன்.

சம்பந்தி வந்திருக்கிறார், உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தேன். அலமாரியை முன்னமே பின்பக்கம் விறகுச் சாய்ப்பில் கொண்டு போட்டிருந்தார்கள். அப்பா அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, கீறலில் மெல்லிய மரச்சீவல் இறக்கி அடைத்து, கதவைச் சீவிப் பொருத்தினார். முடிந்ததும் அந்த மாமியார் அம்மா, வந்ததோட அடுக்களைக் கதவையும் ஒண்ணு பாத்திரும் என்றாள். பிறகு கோழிக்கூட்டையும் காட்டினாள். அவர் அதையும் செய்தார். அந்த நேரத்தில் அமரவிளையிலிருந்து அவர்கள் சொந்தக்காரர்கள் வந்தார்கள், கல்யாணத்துக்கு வராதவர்கள். இது யாரு என்று ஒருத்தி கேட்டாள். தடிவேலைக்கு வந்த ஆளாக்கும் என்று அந்த அம்மா கூசாமல் சொன்னாள். ஷியாமளா காப்பித் தட்டோடு அங்கேதான் நிற்கிறாள். என் அப்பா என்று அவள் வாயில் வரவில்லை மக்கா, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வாயைத் திறந்தேன், அப்பா ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டேன். அவருக்குக் காப்பி சாய்ப்புக்கே வந்தது.

பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னது இவ்வளவுதான், அவ அங்க கிடந்து பிழைக்கணும், அஜேஷுக்கு எழுதாண்டாம், எழுதினா அவன் பணம் அனுப்புவான் என்று. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு உன் மேல் ஆத்திரம் ஆறவில்லை, ஷியாமளா மேலும் ஆறவில்லை. அவளாவது பயத்தில் வாயை மூடினாள், பச்சை மரத்தில் செய்யச் சொல்லி நின்ற உனக்கு அந்த வீட்டில் யாரிடம் பயம்? ஸ்டீல் அலமாரி வாங்கப் பணம் அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்புவேன். சீவிய கதவு இந்த வெயிலுக்குத்தான் நிற்குமாம், ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தால் பலகை ஊதிக் கதவு திரும்ப இறுகும் என்று அப்பாவே சொல்கிறார். திரும்பவும் ஆள் அனுப்புவார்கள், இவரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு போவார். அதற்கு முன்னே லீவு கேள். வந்த மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு முன்வாசல் வழியே போ. அந்த ஹாலில் நாற்காலியில் உட்கார வை. அலமாரியைப் பற்றி அன்றைக்குச் சொன்னாயே, அதே சத்தத்தில் அத்தனை பேரும் கேட்கச் சொல்லு, இது எங்க அப்பாவாக்கும் என்று.

கோபம் இருந்தாலும் வெள்ளிக்கிழமை உன் பேருக்கு விளக்கு வைக்காமல் இருக்கவில்லை. உனக்கு ஒரு குறையும் வராது, நல்லா இரு. வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. மறந்துவிடாதே, மழைக்கு முன்னே.

உன் அம்மா
ரத்னபாய்