சுக்குக்கும் மிளகுக்கும் சுட்ட பாறை

அன்பு மகள் இனியாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அந்த லண்டன் குளிரில் நீயும் உன் பாலைவனப் பல்லிகள் சுக்கும் மிளகும் எப்படி இருக்கிறீர்கள்? பார்சலைப் பிரித்ததும் முதலில் இதைப் படி, பிறகு நான் சுட்ட பீங்கான் பாறைகளை எடு.

சொர்ணாம்பாள் அத்தை கொண்டுவந்த பெண்ணாடத்துச் சம்பந்தம்தான் இப்போது வீட்டில் சண்டை. மாப்பிள்ளையின் அம்மா நம் வீட்டில் உட்கார்ந்து நம் டீயைக் குடித்துவிட்டு, பல்லி வளக்கிற பொண்ணு எங்க வூட்டுக்கு ஆவாதுங்க, மொதல்ல அதுங்கள யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க என்றார்கள். உன்னிடம் சொன்னால் நீயும் போனில், சரிம்மா, குடுத்துடறேன் என்றாய். அந்தச் சரி எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் உன் அப்பா வீட்டில் பீங்கான் பட்டறை வேலையை விடச் சொன்னபோது நானும் அதே குரலில்தான் சரி என்றேன், மறுபடி அச்சில் கை வைக்கப் பதினோரு வருஷம் ஆனது. அதனால் பல்லிகளோடுதான் பெண் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அத்தைக்கு ஆத்திரம், கொளஞ்சியப்பர் கோயிலில் என்மேல் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டப் போகிறாளாம். கட்டட்டும், பக்கத்திலேயே என் சீட்டும் தொங்கும், சாமி இரண்டையும் படிக்கட்டும்.

போன தடவை அனுப்பிய பாறையில் மிளகு வழுக்கி விழுந்தது என் தப்பு. இந்த ஊர்க் கை எதையும் பளபளவென்று கிளேஸ் பூசாமல் சூளைக்கு அனுப்பாது. இந்தத் தடவை மேல்பக்கம் மணல் தூவிச் சொரசொரப்பாகச் சுட்டிருக்கிறேன், நகம் பிடிக்கும், மணல் உதிராது, அதுகள் விழுங்கவும் முடியாது. அடித்தட்டுக்கு மட்டும் கிளேஸ், எச்சத்தை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அதுகள் ஒளிய ஒரு குகையும் செய்திருக்கிறேன், மூடியைத் தூக்கினால் உன் கை முழுசாக உள்ளே போகும். மூலையே வைக்கவில்லை, எல்லாம் வளைவு, அழுக்கு எங்கே ஒளியும் பார்க்கலாம். உயரமான பாறையைச் சூடு தரும் விளக்குக்குக் கீழே வை, குகையைக் குளிர்ந்த பக்கம் வை. எச்சத்தை எடுக்க ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொட்டி மணலைச் சலித்துக்கொண்டிருந்தாயே, இனி அது அரைமணி வேலை. பல்லிக்கா இத்தனை பாடு என்று முணுமுணுத்த உன் அப்பாதான் கடைசியில் பாறைமேல் தூவ மணலைச் சலித்துக் கொடுத்தார்.

பல்லிகளைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடு. பழமலைநாதர் உனக்குத் துணை, தலை நிமிர்ந்து இரு. ஒவ்வொரு பாறையின் அடியிலும் சுக்கு, மிளகு, இனியா என்று மூன்று பெயரையும் எழுதிச் சுட்டிருக்கிறேன். சூளையில் வெந்த எழுத்து, பெண்ணாடத்து அம்மாவே வந்து தேய்த்தாலும் போகாது.

இப்படிக்கு,
உன் அம்மா அமிர்தம்,
விருத்தாசலம்.