சாட்டின் கவுனின் உள்தையல்

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மகளுக்கு,

உன் தாய் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நால்வரும் உடம்பளவில் குறையின்றி இருக்கிறோம். நீயும் உன் கணவரும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம், ஆனால் நீ எவ்வாறு இருக்கிறாய் என்பது பற்றி எனக்குச் சில ஐயங்கள் உள்ளன, அவற்றை உரிய இடத்தில் கேட்கிறேன். உன் கடிதம் கைக்குக் கிடைத்து இரண்டு மாதங்கள் ஆகியும் பதில் எழுதாமல் இருந்ததற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். முதல் மாதத் தாமதத்துக்கு உன்மேல் எனக்கிருந்த வருத்தம் காரணம், அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த மாதத் தாமதத்துக்கு இந்த வீட்டில் நடந்த ஒரு விசாரணை காரணம். என் சாட்டின் கவுனை என் அனுமதியின்றி எடுத்தவர் யார் என்பதே அந்த விசாரணை. அதனால் உன் அண்ணனும் அண்ணியும் வேறு வீடு பார்த்துப் போகும் நிலை வரை வந்துவிட்டது என்பதை நீ அறிய வேண்டும்.

மற்றச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தகப்பனாருக்கு இடது முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறும்போது மட்டும் வலிப்பதாகச் சொல்கிறார், கடைக்குப் போகச் சொன்னாலும் வலிப்பதாகச் சொல்கிறார். உன் அண்ணனுக்கு லிஃப்ட் கம்பெனியில் புதிய மருத்துவமனைக் கட்டடம் முழுவதும் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள், பதினான்கு மாடி, ஆறு லிஃப்ட், ஞாயிற்றுக்கிழமைகூட அழைப்பு வருகிறது. மாடியில் குடியிருந்த தையல் மெஷின் ஏஜென்ட் காலி செய்துவிட்டார், இப்போது ஒரு நர்ஸ் குடிவந்திருக்கிறாள். அமைதியானவள், ஆனால் செருப்புச் சத்தமே இல்லாமல் இறங்கி வருகிறாள், அது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் அலமாரியின் ஒழுங்கு உனக்குத் தெரியாததல்ல. விடுதியின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் நான் கிழிசல் தைத்தேன். விருந்தினர் மறந்துவிட்டுப்போன உடைகளை ஓராண்டு காத்திருந்து ஒருவரும் கேட்டு வராத பின் மேலாளர் எங்களுக்குக் கொடுத்தார், மற்றப் பெண்கள் விற்றுவிட்டார்கள், நான் வைத்துக்கொண்டேன். முழங்கை வரை ஏறும் வெள்ளைக் கையுறை, முகத்தில் வலை விழும் கறுப்புத் தொப்பி, முத்துப் பொத்தான் வைத்த குட்டைச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சாட்டின் கவுன். ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை வெளியே எடுத்து நிழலில் காற்றாடப் போடுவேன். மூன்று வாரங்களுக்கு முன் அவ்வாறு எடுத்தபோது கவுன் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. சாட்டினை மடிக்கக் கூடாது, துணிச் சுருளின்மேல் சுற்றித்தான் வைக்க வேண்டும் என்பது நீ எட்டு வயதில் கற்றுக்கொண்ட பாடம். அலமாரிச் சாவி கடிகாரத்தின் பின்னால் இருப்பது குடும்பத்தாருக்கு மட்டுமே தெரியும். ஆகவே எடுத்தவர் குடும்பத்தார்.

என் சந்தேகம் உன் அண்ணிமேல் போனது. அதற்கு எனக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அலுவலகத்தில் அந்த மாதம் ஒரு விருந்து நடந்தது, என் உடைகளைப் பற்றி அவள் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள், அந்த அலமாரியைத் திறந்தால் பேய்ப்படம் எடுக்கலாம் என்று என் காதுபடவே சொன்னவள். கேலி செய்கிறவர்களுக்குத்தான் உள்ளுக்குள் ஆசை இருக்கும் என்பது விடுதியில் நான் கண்ட உண்மை. காலைச் சாப்பாட்டின்போது எல்லோர் முன்னிலையிலும் நேராகக் கேட்டேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், "அத்தை, என்னைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி என் இடுப்பை ஒரு தடவை பாத்திருக்கலாம். அந்த கவுனுக்குள்ள என் ஒரு கால்தான் போகும்." உன் அண்ணன் சிரித்துவிட்டான், அது அவள் கோபத்தை இரட்டிப்பாக்கியது. அன்றிலிருந்து ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. ஆறாம் நாள் உன் அண்ணன் தரகரோடு வீடு பார்க்கப் போனான். அவன் கிளம்பும்போது உன் தகப்பனார் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அது முந்தைய நாளின் தாள் என்பதை நான் அப்போதே குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

தரகர் வந்துபோன பிறகு எனக்குப் பிடிவாதம் கூடியது. அவளே எடுத்தாள் என்பதற்குச் சான்று காட்டாமல் விடுவதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு கவுனை உள்புறம் வெளியே வரும்படி திருப்பினேன். சாட்டினில் ஒருமுறை ஊசி இறங்கினால் அந்தத் துளை மூடாது, மற்றத் துணிகளைப்போல் அது மறப்பதில்லை. பழங்காலத் தையலில் உள்ளே இரண்டு விரற்கடை துணி விட்டிருப்பார்கள், வேண்டும்போது பிரித்துப் பெரிதாக்கலாம். இந்தக் காலத்து உடையில் பிரிக்க என்ன இருக்கிறது. அந்த உள்துணியில், பழைய தையலுக்கு வெளியே, புதிதாக ஒரு வரிசைத் துளைகள். யாரோ பிரித்துப் பெரிதாக்கி உடுத்தியபின் மீண்டும் பழைய அளவுக்கே தைத்திருக்கிறார்கள். அளவு நாடாவை எடுத்தேன். முன்பக்கத் தையல் இரண்டிலும் பக்கத் தையல் இரண்டிலுமாகச் சேர்த்து இடுப்பில் நாலரை அங்குலம். மார்பில் அரை அங்குலம். தோளில் இல்லை, கையில் இல்லை, முதுகில் ஒரு நூல்கூடப் பிரிக்கப்படவில்லை. உன் அண்ணி உடுத்தியிருந்தால் தோளைத்தான் முதலில் பிரிக்க வேண்டியிருந்திருக்கும். உடம்பு பருத்தவர்களுக்கு எல்லா இடமும் பருக்கும். வயிறு மட்டும் பருப்பது எப்போது என்பதை இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதும் நான் உன்னை நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. சாவி இருக்கும் இடம் வெளியாருக்குத் தெரியாது என்பதையும் மறந்து அந்த நர்ஸைத்தான் நினைத்தேன். கவுனின் கீழ்விளிம்பருகே தையல் முடியும் இடத்தைப் பார்த்தபோதுதான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சலவைப் பிரிவில் தவறு நேர்ந்தால் யார் கை என்று கண்டுபிடிப்பதற்காக ஒவ்வொருத்தியும் தையலை முடிக்கும் இடத்தில் தனக்கென்று ஓர் அடையாளம் போட வேண்டும். பள்ளி விடுமுறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்த நீயும் உனக்கென்று ஒன்று வேண்டும் என்று அழுது, சின்னப் பெருக்கல் குறி ஒன்றை எடுத்துக்கொண்டாய். யானைத் தந்த நிறத் துணியில் அதே நிற நூலால் அந்தப் பெருக்கல் குறி அங்கே இருந்தது. திருட்டுத்தனமாகச் செய்த வேலையிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். பழகிய கை தானாகச் செய்துவிட்டது, நீ கவனித்திருக்கவே மாட்டாய்.

அதன்பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. உன் கடிதத்தின் கடைசியில், இந்த ஆண்டு உடைகளை எப்போது காற்றாடப் போடுவீர்கள் என்று சம்பந்தமில்லாமல் கேட்டிருந்தாய். அந்தக் கடிதம் வந்த இரண்டாம் வாரம் உன் தகப்பனார் பழைய நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி மூன்று நாள் வெளியூர் போனார். இரண்டு சட்டைக்கு ஏன் பெரிய பெட்டி என்று கேட்டேன். "சட்டைக்குக் கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டுமே," என்றார். முப்பது ஆண்டு பேருந்து நிலையத்தில் நேரம் குறித்தவர், திரும்பி வந்தபோது எந்தப் பேருந்தில் வந்தார் என்பதை மூன்று விதமாகச் சொன்னார். நான்காக மடிப்பதும் அவர் பழக்கம், பேருந்து அட்டவணையை அப்படித்தான் மடிப்பார். வந்த நாளிலிருந்து தபால்காரரை வாசலிலேயே எதிர்கொள்கிறார். அவர் முகச்சவரம் செய்யும்போது பாடுகிறார், அது எனக்கு வேறுவிதமான சந்தேகத்தையும் கொடுத்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றுதான் நர்ஸைத் தேநீருக்கு அழைத்தேன். உன் தகப்பனார் அவளிடம் ஏதாவது கேட்டாரா என்று சுற்றி வளைத்து விசாரித்தேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "ஆமாக்கா, ஐயா ஒரு நாள் படியில நிறுத்தி, ஆறாம் மாசத்துல கால் வீங்கினா பயப்படணுமான்னு கேட்டாரு. ஐயாவுக்கு எது ஆறாம் மாசம்னு எனக்குப் புரியல, ஆனா கேக்கறதுக்கும் கூச்சமா இருந்துச்சு." அவள் போனபிறகு வெகுநேரம் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் அவளைப் படியில் நிறுத்திக் கேட்டது ஆறு வாரங்களுக்கு முன். அப்படியானால் இப்போது உனக்கு ஏழு முடிந்துவிட்டது. இத்தனை நாள் இந்தச் செய்தி உன் தகப்பனாருக்குத் தெரிந்திருக்கிறது, உன் அண்ணனுக்குத் தெரிந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, எனக்கு ஓர் அளவு நாடா சொல்லித்தான் தெரிந்தது.

உன் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வாயால் கேட்க வரவில்லை, விடுதியில் தீய்ந்துபோன சட்டைகளுக்காக விருந்தினருக்கு எழுதிய முறையிலேயே ஒரு கடிதம் எழுதிச் சமையலறை அலமாரியில் வைத்தேன். அவள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "வருந்துகிறோம்னு எழுதியிருக்கீங்களே அத்தை, யார் யாரு வருந்தறீங்க, மாமாவும் சேத்தியா?" என்றாள். நான் மட்டும்தான் என்றேன். அப்படியானால் திருத்தி எழுதிக் கொடுங்கள் என்றாள், திருத்திக் கொடுத்தேன். வீடு பார்ப்பது நின்றதாக உன் அண்ணன் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நாலு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை நேற்றுச் சரிசெய்தான். வேறு யார் எடுத்தது என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தக் கேட்காமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது, இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.

நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை, விடை எனக்கே தெரியும். உன் திருமணத்துக்கு அந்தக் கவுனைக் கேட்டாய். போட்டோ எடுத்துப் பிழைக்கிறவரைக் கட்டிக்கொள்ளும் கூட்டத்துக்கு இது எதற்கு, இது மரியாதை தெரிந்தவர்கள் உடுத்தும் உடை என்று வாசலில் நின்று சொன்னேன். நீ அலுவலகத்துக்குப் போகும் நீலப் பாவாடையில் போய்த் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாய். விருந்தினர் ஒருவர் மறந்துவிட்டுப்போன உடை அது. ஆங்காங்கே நைந்திருந்ததை நான் தைத்துச் சரிசெய்து, என் பிறப்பே அதில்தான் நடந்தது என்பதுபோல் உன்முன் நின்றேன். அதை இப்போது எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அந்த மூன்று நாளில் நீ அதை உடுத்தி மாப்பிள்ளை படம் எடுத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். கையுறையும் வலைத் தொப்பியும் இல்லாமல் எடுத்திருந்தால் அது அரைகுறை, அவற்றையும் எடுத்துப்போக உன் தகப்பனாருக்குத் தோன்றாதது வியப்பில்லை. படத்தின் ஒரு பிரதியை என் பெயருக்கு அனுப்பச் சொல்.

கால் வீக்கத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள், பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினால் எண்ணைச் சொல்லும்படி கேள், பரவாயில்லை என்கிறவர்களை நான் நம்புவதில்லை. உட்காரும்போது காலை உயரமாக வை. நீ நின்றுகொண்டே இஸ்திரி போடுகிறவள், அதை மாப்பிள்ளை செய்யட்டும், சட்டைக் கழுத்தில் சுருக்கம் விழுந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது. குதிகால் உயர்ந்த பழைய செருப்புகளை நீ இன்னும் மாட்டிக்கொண்டு திரிவாய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவற்றைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிடு, குழந்தை பிறந்தபின் எடுத்துக்கொள்ளலாம், அழகுக்கு அவசரம் இல்லை.

கவுனை நேற்று நானே பிரித்தேன். உள்ளே விட்டிருந்த துணி முழுவதையும் வெளியே எடுத்து, போதாத இடத்துக்குப் பழைய உள்பாவாடையிலிருந்து ஒரு துண்டு வைத்து, ஏழரை அங்குலம் பெரிதாக்கியிருக்கிறேன். துணிச் சுருளில் சுற்றி, பெட்டியில் தயாராக வைத்திருக்கிறேன். உன் தகப்பனாரிடம் கொடுத்தனுப்ப மாட்டேன், மடித்துவிடுவார். உன் தகப்பனாரிடம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று இன்னும் சொல்லவில்லை, நேற்று இரவுச் சாப்பாட்டில் வெளியூர் நண்பருக்கு உடம்பு எப்படி என்று கேட்டேன், கால் வீக்கம் குறைந்துவிட்டதாகச் சொன்னார்.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் குறையில்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசிகளைச் சொல், முதல்முறையாகச் சொல்வதால் அவர் சந்தேகப்படக்கூடும், உண்மைதான் என்று சொல். பதிலை மாடி நர்ஸின் பெயருக்கு அனுப்பு, வாசலில் காவல் இருக்கிறது. நீண்ட கடிதம் வேண்டாம். நான் அங்கு வந்து உன்னோடு இருக்கலாமா, கூடாதா என்பதை மட்டும் ஒரு வரியில் உடனே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா