போஜனியஸ் சக்கரவர்த்திக்குக் கட்டியம் சொல்லாதவள்

அக்கா,

இன்று காலை மகள் கராஜில் குந்தியிருந்து, நத்தார்ப் பண்டிகை அலங்காரத்துக்காகப் பைன் காய்களில் தங்க நிறப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய நான் அந்த மணம் பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். "மம், ஆர் யூ ஓகே?" என்றாள். தலையாட்டிவிட்டுக் காருக்குள் போய் இருந்தேன். சாவியைப் போட முடியவில்லை. நீங்கள் கண்மூடி இன்னும் முப்பத்தொரு நாள்கூட ஆகவில்லை.

உங்கள் ஹில்ஸ்பரோ வீட்டுக் கராஜிலும் இதே மணம்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஐஸ்கிறீம் வாளியை இலை இலையாக வெட்டி, தங்கப் பெயின்ட் அடித்து, ரோமாபுரிக் கிரீடம் செய்தீர்கள். முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் உங்களுக்கு வேலை. அங்கே கழித்துவிட்ட படுக்கை விரிப்புகள்தான் அரச உடை. இந்த நாட்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா என்றால் எப்போதும் பாட்டும் நடனமும் சொற்பொழிவும்தான். "ஒருக்காவது எங்கட சனம் வாய்விட்டுச் சிரிக்கட்டும் பிள்ளை" என்று நீங்களே ஒரு நாடகம் கொண்டுவந்தீர்கள்.

போஜனியஸ் சக்கரவர்த்தி. ஊர் பட்டினி கிடக்க, படுத்தபடியே விருந்துண்ணும் ரோமாபுரி மன்னன். தன் வாத்தைச் சேனாதிபதி ஆக்குகிறான். படை தோற்றுத் திரும்பினால் வெற்றி விழாவுக்கு நாள் குறிக்கிறான். நீங்கள்தான் மன்னன். நான் கட்டியம் கூறுகிறவள்: "முப்பத்தாறு கறிகளை ஒரே இருப்பில் வென்றவர், பசி அறியாதவர், போர்முனையும் அறியாதவர், பராக், பராக்!" ஒத்திகையில் ஒருநாளும் நான் சிரிக்காமல் அதைச் சொல்லி முடித்ததில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. பேக்கரி வேலை முடிந்து த்ரீ கிங்ஸ் பகுதியில் நான் இருந்த ஃபிளாட்டுக்குள் நுழைகிறேன், போன் அடிக்கிறது. ஓர் ஆண் குரல். மரியாதையான குரல்.

"தங்கச்சி, உங்கட மனுசன் இப்பவும் கொழும்பிலைதானே? கொட்டாஞ்சேனை லொட்ஜிலை?"

"ஓம்... நீங்கள் ஆர் கதைக்கிறது?"

"விசாவுக்குத்தானே நிக்கிறார், பாவம். அந்த நாடகத்தாலை அவருக்கு ஒரு கரைச்சலும் வரப்படாது, என்ன?"

அந்த மன்னனை யாரென்று அவர் நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. கொழும்பில் ஆள்பவர்கள் தங்களைத்தான் என்று கோபிக்கலாம்; அவர்களோடு சண்டை பிடிப்பவர்களும் தங்களைத்தான் என்று கோபிக்கலாம். எந்தப் பக்கத்துக் குரல் என்றும் தெரியவில்லை. கதவைப் பூட்டிக் கதிரையை முட்டுக்கொடுத்தேன். கொழும்புக்குத் திரும்பத் திரும்ப எடுத்தேன். லைன் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை உங்கள் வீட்டுக்கு வந்து, போன் வந்ததைச் சொல்லி, "நான் நடிக்கேல்லை அக்கா" என்றேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து, பக்கம் பக்கமாக என் வசனங்களை வெட்டினீர்கள்.

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயமில்லாமலோ? சோறு இறங்கேல்லை எனக்கு." பென்சிலைக் கீழே வைத்தீர்கள். "இது என்ரை தம்பி எழுதினது பிள்ளை. அவன் ஊரிலை பேரைச் சொல்லியே எழுதினவன். மேடையேத்த முதலே கூட்டிக்கொண்டு போட்டாங்கள். பிறகு வரேல்லை. நான் ஆருக்கும் நோகாமல் ரண்டாயிரம் வருசம் பின்னாலை கொண்டுபோய் வைச்சன். அதுவும் காணாதாம்."

விழாவன்று பள்ளிக்கூட மண்டபத்தில் வாசலோரக் கதிரையில் இருந்தேன். எழுந்து ஓட வசதியான இடம். நீங்கள் தனியே மேடைக்கு வந்தீர்கள். இரண்டு பக்கமும் பார்த்தீர்கள். "கட்டியம் சொல்ல ஒருத்தரையும் காணேல்லை. பரவாயில்லை. என்னைப் புகழ என்னை விட்டால் ஆர்?" மண்டபம் வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, யாரும் பார்த்தார்களோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

பின்சுவரோடு மூன்று பேர் கைகட்டி நின்றார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. வாத்து சேனாதிபதியானபோது ஒருவர் உரத்துக் கேட்டார்: "இது ஆரைப் பற்றின கதை?"

சிரிப்பு அப்படியே அறுந்தது. உங்கள் கையில் ஒரு திராட்சைப் பழம், வாய்க்குப் பாதி வழியில் நின்றது. நான் கதிரை விளிம்புக்கு நகர்ந்தேன்.

"உங்களுக்கு ஆர் மாதிரிக் கிடக்கு, ராசா?" என்றீர்கள், மன்னனின் அதே சோம்பல் குரலில். "நீங்களே ஒருக்கா உரத்துச் சொல்லுங்கோ."

அவர் வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை. அந்தப் பெயரை அங்கே யாராலும் சொல்ல முடியாது. முன்வரிசையில் யாரோ ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. மூவரும் கதவைத் தள்ளிக்கொண்டு என்னை உரசியபடி வெளியே போனார்கள். நீங்கள் திரும்பியபோதுதான் பார்த்தேன், விரிப்பு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

ஐந்து நாள் கொழும்பிலிருந்த என் கணவரோடு கதைக்கக் கிடைக்கவில்லை. அந்த ஐந்து நாளும் பேக்கரியில் பாணை வெட்டினேனா, விரலை வெட்டினேனா என்று தெரியாமல் இருந்தேன். ஆறாம் நாள் எடுத்தார். "என்ன நாடகம்? எனக்கொண்டும் தெரியாதே" என்றார். அடுத்த குளிர்காலத்தில் இங்கே வந்து சேர்ந்தார்.

அதற்கிடையில் கோயிலில் ஒரு பூசை நாள். சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். "தங்கச்சி, சாம்பார் விடட்டோ?" போனில் கேட்ட அதே குரல். நிமிர்ந்து பார்த்தேன். சாதாரண மனிதர். ஒரு சின்னப் பெண் அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னால் வாயில் வைக்க முடியவில்லை. நீங்கள் வந்து என் சாப்பாட்டுக் கோப்பையை வாங்கி, நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திருப்பித் தந்தீர்கள். "நல்லாத்தான் கிடக்கு. சாப்பிடு."

அக்கா, அந்தப் போனில் நடந்ததில் பாதியைத்தான் உங்களுக்குச் சொன்னேன். "ஆர் எழுதினது?" என்று அவர் கேட்டார். கேட்டு முடிக்கும் முன்னமே நான் சொல்லிவிட்டேன்: "நானில்லை. அக்காதான் எழுதினவ. ஹில்ஸ்பரோவிலை இருக்கிறா." கேட்காமலே உங்கள் தெருப் பெயரையும் சொன்னேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலடியில் இருந்து, ஒருவழியாகத் தொடங்கினேன். "அக்கா, அந்தப் போன்..."

கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள். "ஓம். அண்டைக்கே எனக்கும் எடுத்தவன். உங்கட சிநேகிதிதான் சொன்னவ எண்டவன்."

"அப்ப அடுத்த நாள் நான் வரேக்கை...?"

"தெரியும்."

"ஏன் அக்கா கேட்கேல்லை?"

"கேட்டால் நீ பிறகு வரமாட்டாய்."

தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தால் எனக்கு இன்னும் நெஞ்சு இடிக்கிறது. இத்தனை வருடத்தில் அது குறையவே இல்லை. ஆனாலும் எடுக்கிறேன். என் பெயரைச் சொல்கிறேன். வேறு யாருடைய பெயரையும் சொல்வதில்லை.