எருவில் பூத்த பச்சை

ஒடுகத்தூர்,
7.12.2024

அன்பு மாமாவுக்கு விஜயா எழுதுவது.

வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். அந்தப் பனியில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். மலைமேல் எல்லைக் காவல் போஸ்டுக்குப் போனால் மார்ச் வரை போன் எடுக்காது என்றீர்களே, அதனால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் பெண் கனிஷ்காவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. ஆனாலும் முறுக்கு கேட்கிறாள்.

இனி கத்திரித் தோட்டம். போன வருஷம் பூ வைத்த நேரத்தில் செடி செடியாகத் தலை தொங்கிச் செத்தது உங்களுக்குத் தெரியும். இந்தப் பட்டமும் வாடினால் ஆம்பூர் ஷூ கம்பெனி வேலைக்கு பஸ் ஏறிவிடுகிறேன் என்று நானே சொல்லியிருந்தேன். அதற்குள் விரிஞ்சிபுரத்தில் ஒரு பயிற்சிக்குப் போனேன். வேரை அழுகவைக்கும் கெட்ட பூஞ்சையைத் தின்றுவிடும் நல்ல பூஞ்சை ஒன்று உண்டாம். பெயர் டிரைக்கோடெர்மா விரிடி. பாக்கெட்டைப் பிரித்தால் வெறும் மாவுதான், இதிலா உயிர் இருக்கிறது என்று எனக்கே சந்தேகம். மக்கிய எருவில் கலந்து, நிழலில் ஈரச் சாக்கு மூடி வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் சாக்கைத் தூக்கினால் எரு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு கனிஷ்காவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பினேன். உங்கள் அப்பா முதுகில் ஸ்பிரேயரோடு நிற்கிறார். “எரு பூரா பூசணம் புடிச்சிக்கினு கெடந்துதுமா. நல்ல வேள நான் பாத்தேன், மருந்து அட்ச்சிட்டேன்” என்றார்.

மறைக்காமல் எழுதுகிறேன், நான் கத்திவிட்டேன். “அந்தப் பூசணம்தாம்பா மருந்தே! ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?” என்றேன். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஆளைக் காணோம். பயந்துபோய் ஏரிக்கரை வரை தேடினேன். மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார், கையில் மஞ்சள் பை, அதில் இரண்டு பாக்கெட். அந்த முட்டி வலியோடு விரிஞ்சிபுரம் போயிருக்கிறார். “உயிரோட இருந்தத நானே கொன்னுட்டேன் சார், வேற குடுங்க” என்று கேட்டாராம். பயிற்சி கொடுத்த ராமமூர்த்தி சார் பிற்பாடு சொல்லிச் சிரித்தார்.

புது எருவில் திரும்பக் கலந்தோம். அதற்கு உங்கள் அப்பாதான் காவல். தண்ணீர் தெளிப்பதும் கோழி விரட்டுவதும் அவரே. பச்சை பூத்ததும் என்னைக் கூப்பிட்டு, “இன்னாமா, இது போதுமா, இன்னும் ஏறணுமா?” என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்றின் வேரை சூடோமோனாஸ் கரைசலில் நனைத்து நட்டதும் அவர்தான். அதுவும் நல்ல கிருமியாம்.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை. தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டிவிட்டோம். தினமும் விடிந்ததும் போய்த் தலை தொங்கியதை எண்ணினேன். மொத்தம் பதினேழு செடிதான் போனது. மற்றதெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது, மாமா.

ஆம்பூரில் கல்யாணத்துக்குப் பிரியாணியும் அதற்குக் கத்திரிக்காய்த் தொக்கும் சமைக்கும் முனவ்வர் பேகம் தோட்டத்துக்கே வந்தார். ஒரு காயை அரிந்து பார்த்து, “வெத கம்மி, சத ஜாஸ்தி. தை மாசம் நாலு நிக்காஹ் இருக்கு, வேற யாருக்கும் குடுக்காதம்மா” என்று சொல்லிப் போனார். கம்பெனி பஸ் இப்போதும் காலையில் நம் தெரு வழியாகத்தான் போகிறது. அந்த நேரத்தில் நான் காய் பறித்துக்கொண்டிருக்கிறேன்.

மே மாதத்தோடு சர்வீஸ் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கட்டுமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். உங்கள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், தரிசாகக் கிடந்த கீழண்டைக் கொல்லையைக் கொத்த ஆரம்பித்துவிட்டார். வைகாசியில் அங்கேயும் நாற்று விட வேண்டுமாம். எனக்கும் அவருக்கும் மட்டும் அது மீறின வேலை, இன்னொரு ஆள் வேண்டும். சொன்னால் கேட்கவில்லை.

காதை நன்றாக மூடிக்கொள்ளுங்கள். கெங்கையம்மன் உங்களைப் பத்திரமாக மலையிறக்கிக் கொண்டுவரட்டும்.

உங்கள்
விஜயகுமாரி