வெளிர் நிறக் கவுண்டி

அன்புள்ள அம்மாவுக்கு எழில் எழுதறேன். மூட்டு வலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

இந்த அமெரிக்காவுல கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. எந்தக் கவுண்டியில எத்தனை பேருக்குப் புற்றுநோய்னு மேப்புக்கு நிறம் கொடுக்கிறதுதான் என் வேலை. நோய் அதிகம்னா அடர் நிறம், குறைச்சல்னா வெளிர் நிறம். நேத்து ஒரு கவுண்டி வருஷா வருஷம் வெளுத்துக்கிட்டே வந்துச்சு. "கொடுத்து வச்ச ஜனங்க"ன்னேன். எங்க ஆபீஸ் மேடம் சிரிச்சாங்க: "அங்க யாரும் டெஸ்டுக்கே போறதில்ல, எழில்."

நம்ம அனகாபுத்தூர் வீட்டு வாசல்ல நெத்திலி ஆய்ஞ்சுகினே நீ சொல்லுவியே, "நம்ம தெருவுல எவளுக்கும் அந்த நோவு கிடையாதுடி"ன்னு, அது ஞாபகம் வந்துச்சு. உன் புடவையில அடிக்கிற நெத்திலி வாசனையும் சேர்ந்து வந்துச்சு.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கூரியர்ல அனுப்பும்மா. அப்படியே பக்கத்து வீட்டு ஜாஸ்மின் அக்காவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மார்புக்கு டெஸ்ட் எடுத்துடு. பயந்துபோய்லாம் சொல்லல.

பஸ் வந்துடுச்சு. ரிசல்ட் வந்தா, இங்க ராத்திரின்னு பார்க்காம போன் பண்ணு. நான் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன்.

உன் எழில்