தொடாமல் திரும்பிய தட்டு

தூத்துக்குடி
30.1.1978

மதிப்பிற்குரிய செல்வதுரை அவர்களுக்கு,

நானும் மகள் கிருபையும் நேற்றுக் காலை சுகமாக வந்து சேர்ந்தோம். பம்பாயில் இருந்த நான்கு நாளும் தாங்கள் காட்டிய உபசாரத்துக்கு நன்றி. குறிப்பாகக் கடைசி நாள் இரவு கோட்டைப் பகுதி இத்தாலிய ஹோட்டலில் தந்த விருந்துக்கு. அந்த ஹோட்டலின் பெயரைச் சொன்னதும் இங்கே கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் இருப்பவர்கள்கூட, "பெரிய இடமாச்சே சார்" என்கிறார்கள்.

தங்கள் மனைவி கிரேசி அம்மாளுக்கு என் வணக்கம். நாளை முதல் பள்ளிக்கூடம் போக வேண்டும். பத்தாம் வகுப்பு ஆங்கில நோட்டுகள் திருத்தாமல் கிடக்கின்றன.

இப்படிக்கு,
ஜே. எபனேசர்


மாதுங்கா, பம்பாய்
6.2.1978

அன்புள்ள எபி,

தேவ தயவால் இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதம் வந்தது. "தாங்கள்" என்று எனக்கு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நாசரேத் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் ஆறு வருஷம் உட்கார்ந்தவர்கள் நாம்.

நீ எழுதாத விஷயத்தை நான் எழுதுகிறேன். என் மகன் தேவபிரசாதத்துக்கு உங்கள் ஊர்ப் புதுத் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் வேலை கிடைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கே வேதக்கோவில் பாடகர் குழுவில் அவனுக்கும் கிருபைக்கும் மனசு ஒத்துப்போனது. உன்னைப் பம்பாய்க்கு வரச் சொன்னது அதற்காகத்தான். அது தெரிந்துதான் நீயும் வந்தாய். அவனுக்கு லீவு கிடைக்காததால் அன்றைக்கு மேஜையில் நாம் நான்கு பேர்தான்.

நம் பக்கத்து வழக்கம் எனக்கு மறந்துபோகவில்லை. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் மனசு இருந்தால் கை நனைப்போம். இல்லாவிட்டால் ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து வந்துவிடுவோம். யாரும் வாய் திறந்து "வேண்டாம்" என்று சொல்வதில்லை.

நீ ஒரு வாய்கூட வைக்கவில்லை, எபி. ரொட்டியைக்கூடத் தொடவில்லை. கிரேசி இரண்டு தடவை சொன்னாள், "என்ன அண்ணாச்சி, ஒரு வாயாவது வைங்க" என்று. வயிறு சரியில்லை என்றாய். பரிமாறுகிறவன் நிறைந்த தட்டை அப்படியே எடுத்துப்போனான். டாக்ஸியில் திரும்பும்போது கிரேசி சொன்னாள்: "அவுக பதில் சொல்லியாச்சு. இனி நாம வாயத் திறக்கக் கூடாது."

நான் திறக்கிறேன். உன் மகள் தட்டில் ஒன்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதை நீ கவனித்தாயா?

உன்,
துரை


தூத்துக்குடி
14.2.1978

செல்வதுரைக்கு,

"தாங்கள்" உறுத்தினால் "நீ" என்றே எழுதுகிறேன். எனக்கும் அதுதான் சௌகரியம்.

முதலில் அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பம்பாய் முழுக்கப் புகழ்கிற ஹோட்டல் என்றாய். மேஜையில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள், கரண்டு இருக்கும்போதே. எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. அரைமணி நேரம் காக்க வைத்து, வெந்தும் வேகாத தடித்த சேமியாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் மேல் வாய் பிளந்த சிப்பிகள், ஓட்டோடு. "தூத்துக்குடிக்காரனுக்குன்னு சொல்லிச் செய்யச் சொன்னேன்" என்று நீ வேறு பெருமையாகச் சொன்னாய்.

ஏன் துரை, 1955 சீசனில் முத்துக்குளிப்பு முகாமில் நீயும் நானும்தானே சிப்பி எண்ணுகிற குமாஸ்தாக்கள்? முத்தெடுக்க அழுகப் போட்ட சிப்பிக் குவியல்களுக்கு நடுவே நின்று எண்ணினோம். அந்த வாடை தலைமயிரிலிருந்து போக எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு நான் ஓட்டோடு எதையும் தின்றதில்லை. உனக்கு அது மறந்துபோனது. பம்பாய் போனவர்களுக்குப் பலதும் மறந்துபோகும்.

மறந்தவற்றைச் சொல்லவா? பி.ஏ. பரீட்சைக்கு என் சரித்திர நோட்டை வாங்கிப்போய், பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் திருப்பித் தந்தாய். என் மனைவி முத்துக்கனி இறந்தபோது இரண்டு வரித் தந்தி அடித்தாய். வரவில்லை. இவையெல்லாம் சின்ன விஷயங்கள். பெரியதை நீயே அறிவாய்.

அதே 1955 அக்டோபரில் பம்பாய்க் கப்பல் கம்பெனி இன்டர்வியூவுக்கு அழைத்தது என்னை. மதராஸில் நடந்தது. முந்தின நாள் முத்துக்கனிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. ஒரு வாரம் தவணை கேட்டுக் கடிதம் எழுதி, வேறு ஜோலியாக மதராஸ் போய்க்கொண்டிருந்த உன் கையில் கொடுத்தேன். பத்து நாள் கழித்து உன்னிடமிருந்து ஒரு கார்டு வந்தது, பம்பாயிலிருந்து. அந்த வேலையில் நீ சேர்ந்துவிட்டாய் என்று.

இருபத்திரண்டு வருஷமாக நான் சாக்பீஸ் தூசியைத் தின்றுகொண்டிருக்கிறேன். அன்றைக்குப் பரிமாறுகிறவன் குனிந்து, "குட் ஈவினிங், மிஸ்டர் துரை" என்றான் உன்னைப் பார்த்து. அதற்கு மேல் எனக்குச் சாப்பாடு எப்படி இறங்கும்?

கிருபை சாப்பிட்டதைக் கவனித்தேன். ரயிலில் அரக்கோணம் வரைக்கும் அவள் என்னிடம் பேசவில்லை. அப்புறம், "ஏம்ப்பா, ஒரு வாய் வச்சிருக்கலாம்ல?" என்றாள். வயிறு சரியில்லை என்றேன் அவளிடமும். "உங்க வயித்து வலிக்கு எங்கள எதுக்குத் தண்டிக்கிய?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பாடகர் குழுவுக்கும் போகவில்லை.

எபனேசர்


மாதுங்கா, பம்பாய்
23.2.1978

அன்புள்ள எபி,

உன் கடிதத்தைக் கிரேசிக்கு வாசித்துக் காட்டினேன். சிப்பி விஷயம் வந்ததும், "நான் அப்பவே சொன்னேன், வீட்ல வச்சு ஒரு மீன்கொழம்பும் சோறும் போடுவோம்னு. கேட்டியளா?" என்றாள். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

அந்த நான்கு நாளும் உன்னை ஒரு தடவையாவது என் வீட்டுக்கு அழைத்தேனா? லாட்ஜில் தங்க வைத்தேன். ஊர் சுற்றிக் காட்டினேன். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்றேன். யாரும் வெள்ளையடிக்கவில்லை, எபி. எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு சின்ன அறை. குழாயும் கக்கூஸும் எட்டுக் குடும்பத்துக்குப் பொது. நான் இந்தக் கம்பெனியில் சீனியர் குமாஸ்தா. பத்து வருஷமாக அதே நாற்காலிதான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். முத்துக்கனி இறந்தபோது லீவு கேட்டேன், தரவில்லை. அதை எழுத வெட்கப்பட்டுத்தான் தந்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஹோட்டலுக்கு உள்ளே நான் போனது அதுவரை ஒரே தடவைதான். முந்தின நாள் சாயங்காலம். எதை எப்படித் தின்பது, முள்கரண்டியை எப்படிச் சுற்றுவது, பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று அந்தப் பரிமாறுகிற கோவாக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். "நாளைக்கு என் சிநேகிதன் வருவான், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றும் கேட்டுக்கொண்டேன். நல்ல மனுஷன். சிரிக்காமல் செய்தார்.

சேமியா எனக்கும் பிடிக்கவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

இனி அந்த மதராஸ் விஷயம். உன் கடிதத்தை நான் கொடுத்தேன். சத்தியமாகக் கொடுத்தேன். இன்டர்வியூ எடுத்த அதிகாரி வாசித்துவிட்டு மேஜையில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "டைப் அடிப்பாயா?" என்றார். அடிப்பேன் என்றேன். "நான் கடிதம் கொண்டுவந்தவன், வேலைக்கு வந்தவன் அல்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை. அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

பிள்ளைகள் மேல் அதைப் போடாதே. தேவபிரசாதம் கொச்சிக்கு மாற்றல் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறான். "கிருபை அப்பா சாப்பிடலன்னா விருப்பமில்லன்னுதானே அர்த்தம், அவங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறான். இந்த மாதக் கடைசியில் மனுவைக் கொடுக்கப்போகிறான்.

உன் பதில் "இல்லை" என்றால் அதையாவது எழுத்தில் எழுது. அவனிடம் காட்டுகிறேன்.

துரை


தூத்துக்குடி
1.3.1978

ஏலே துரை,

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஆசிரியர் அறையில் வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். அப்புறம் இரண்டு பீரியடுக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன். இப்படிப் பாதி நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு நான் இறங்கினது இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிப்பி ஒரு சாக்கு. ரொட்டியில் சிப்பி இல்லையே. என் நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிறாய், என் தட்டில் நீ சாப்பிடுகிறாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணம் என்ற நினைப்பே அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு இல்லை. நான் சாப்பிடாமல் எழுந்தால் என்ன அர்த்தம் ஆகும் என்று டாக்ஸியில் ஏறின பிறகுதான் உறைத்தது. உறைத்தும் சும்மா இருந்தேன். நீ நோகட்டும் என்றுதான். நொந்தது யார் என்று வீட்டில் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் போனேன். வாசலில் காவல்காரன் என்னிடம் படித்தவன். "யாரப் பாக்கணும் சார்?" என்றான். "கிரேன் தேவபிரசாதம்" என்றேன். உள்ளே விட்டுவிட்டான்.

உன் மகன் ஷெட்டில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அப்போதுதான் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தான். கை முழுக்க கிரீஸ் கறை. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"சார், நீங்க இங்கன..."

"சாப்பிட்டாச்சா?"

"இனிமேத்தான் சார்."

"என்ன இருக்கு?"

"மெஸ் சாப்பாடு சார். புளிச்சோறு. அவிச்ச முட்டை ஒண்ணு."

"மூடியில கொஞ்சம் வை" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. பிறகு வைத்தான். குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்து அவன் பக்கத்தில் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்தேன். ஜெபம் பண்ணினேன், சுருக்கமாக. சோறு உருண்டை உருண்டையாக இருந்தது. புளி தூக்கல், உப்பு இல்லை. உன் இத்தாலிக்காரன் எவ்வளவோ தேவலை. மூடியில் இருந்ததை முழுதும் சாப்பிட்டேன்.

பாதியில்தான் அவனுக்கு விளங்கியது. தன் சோற்றைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"என்னலே பாக்க? முட்டையில பாதி எனக்கு" என்றேன்.

மனுவைக் கிழித்துப்போடச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கிருபை கதவைத் திறந்தாள். "அப்பா மத்தியானம் என்கூடச் சாப்ட்டாங்க" என்று அவன்தான் சொன்னான். அவள் அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்புறம் மூன்று பேருக்கும் தோசை சுட்டாள். அவளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஈஸ்டர் கழிந்து இரண்டாம் வாரம் நாள் வைக்கலாம் என்று கோவில் பாதிரி ஐயரிடம் கேட்டிருக்கிறேன். கிரேசியிடம் சொல். நீங்கள் லாட்ஜில் இறங்கக் கூடாது. என் வீடும் இரண்டு அறைதான். குழாய் மட்டும் சொந்தம்.

ஆனால் ஒன்று. நீ அந்த அதிகாரியிடம் சொல்லாமல் விட்ட வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷக் கோபத்தைக் கடிதத்தில் எழுதித் தீர்க்க முடியாது. ஆகவே கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. லீவு தரமாட்டேன் என்றால் இந்தத் தடவை சண்டை போட்டாவது வாங்கு.

உன்,
எபி