பதினொன்றரை மணிக்குக் காலியாக இருந்த காப்பகம்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. கோபாலபுரத்தில் தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். செருப்பு வார் அறுந்தது. குடை ஆபீஸிலேயே.

எட்டேகாலுக்கு லூர்து மேரி ஃபோன். மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் பின்புறச் சந்தில், வீடில்லாத பெண்களுக்கான இரவுக் காப்பகத்தின் பொறுப்பாளர். பத்து வருடப் பழக்கம். தானாக ஃபோன் செய்தது இதுவே முதல் தடவை. நிதி நின்றுவிட்டது என்றார். அதே மூச்சில், இதை நான் பேப்பரில் எழுதக் கூடாது என்றும்.

நேரில் போய்க் கடிதத்தைப் பார்த்தேன். வாடகை, இரவுச் சாப்பாடு, இரண்டு பணியாளர் சம்பளம், மூன்றுமே அடையாறில் இருக்கும் ஓர் அறக்கட்டளையின் ஆண்டு நிதியில். டிசம்பரிலிருந்து கிடையாது. காரணம் ஒரே வரி: 'காப்பகம் பயன்பாட்டில் இல்லை.'

இருபத்தாறு பெண்கள் தினமும் படுக்கும் இடம்.

எப்படி நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். போன மாதம் ஒரு வியாழன். அறக்கட்டளையிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருவதாக இரண்டு நாள் முன்பே தகவல். லூர்து ஒழித்துப் போட்டுக் கழுவியிருக்கிறார். பினாயில். பாய்களெல்லாம் பீரோவுக்குள். துணிக்கொடியை அவிழ்த்தாயிற்று. மூட்டைகள் மொட்டைமாடியில், தார்ப்பாய்க்குக் கீழே. வாசலில் கோலம் வேறு. பெண்கள் வழக்கம்போல் காலையிலேயே வேலைக்கு. பாப்பம்மா ஒருத்திதான் காய்ச்சலில் படுத்திருந்தாள். வருகிறவர் கண்ணில் சீக்காளி பட வேண்டாமென்று, மதியம்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இதைச் சொன்னபோது மட்டும் லூர்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

வந்தவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அறிக்கை: 'நேரம் 11.30. தங்கியிருப்போர் எவருமில்லை. உடைமைகள் இல்லை.' ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஆள் வர்ற வீட்டை அப்படியே போட்டு வைப்பாங்களா சார்?" என்றார் லூர்து.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இரவில் தூங்கும் இடத்தைப் பட்டப்பகலில் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்களே, அவர்கள் மேல்.

வாங்க: செருப்பு, பி.பி. மாத்திரை, ரீஃபில் இரண்டு.

நவம்பர் 5, புதன்

மழை விட்டுவிட்டு. அடையாறு, அறக்கட்டளை அலுவலகம். ஏ.சி. குளிரில் ஈரச் சட்டை. சுவரில் ஆளுயரப் படம், பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் ஒரு கிழவி. படத்துக்கு மட்டும் தனி விளக்கு.

திட்ட அலுவலர் ஆதித்யா. முப்பது வயதிருக்கும். பேப்பர் கப்பில் காபி, பிஸ்கட், மரியாதை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருதரம் போய்ப் பார்க்கலாமே என்றேன். கள ஆய்வு பத்திலிருந்து ஐந்துக்குள்தானாம், அப்புறம் ஆபீஸ் கார் கிடைக்காதாம். காப்பகத்தின் வருகைப் பதிவேடு? அது அவர்களே எழுதியது, செல்லாது. ஆய்வுப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் பத்தி: படுக்கைகள் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். பதினான்காம் பத்தி: மறுவாழ்வு பெற்று வெளியேறியோர், வருடா வருடம் கூட வேண்டும். வெளியேறவும் வேண்டும், நிரம்பியிருக்கவும் வேண்டும், எப்படி என்றேன். சிரித்தான்.

"நல்ல கேள்வி சார். ஃபார்ம் நாங்க போட்டதில்லை, கன்சல்டன்ட் போட்டது."

எழுந்திருக்கும்போது நோட்டீஸ் போர்டில் ஒரு புகைப்படம் கண்ணில் பட்டது. ஊழியர்கள் ஒரே நிற டி-ஷர்ட்டில், ஒரு மைதானத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். வீடற்றோர் விழிப்புணர்வுக்காக ஓர் இரவு வெட்டவெளியில் தூங்கினார்களாம். ஆதித்யாவும் அதில். கொசு பிடுங்கிவிட்டது என்றான். அன்றைக்கு ஆபீஸ் கார் எத்தனை மணிவரை ஓடியது என்று கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தான். மறு ஆய்வு, வெள்ளிக்கிழமை. நேரம்? பதினொன்றரை.

லூர்துவிடம் ஃபோனில் சொன்னேன். அன்றைக்கு எல்லாரையும் வேலைக்குப் போகாமல் இருக்கச் சொல்கிறேன் என்றார்.

நவம்பர் 6, வியாழன்

சாயங்காலம் ஏழு மணி. ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். பூ கட்டுகிறவர்கள், மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், தி.நகர் கடைகளில் பெருக்குகிறவர்கள். நாளை முகூர்த்த நாள். ஒருத்திக்கும் லீவு கிடைக்காத நாள்.

லூர்து விஷயத்தைச் சொன்னார். முதலில் சத்தம். நடுவில் பூக்காரி தேவி:

"பொண்ணு பாக்க வராங்கடி. பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் வாணாம், கொறட்ட வுட்டா போதும்."

எல்லாரும் சிரித்தார்கள், லூர்துவும். பாப்பம்மா சிரிக்கவில்லை. தி.நகரில் ஒரு மெஸ்ஸில் பதினோரு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறாள். காய்ச்சலுக்கு எடுத்த லீவுக்கே முதலாளி எச்சரித்திருக்கிறார். முகூர்த்தத்தன்று வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்பது அவர் வழக்கம்.

"வூடு இல்லன்னு காட்றதுக்கு வேலைய வுட்டுட்டுப் படுத்துக்கினு இருக்கணுமா?"

நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் லூர்து. பாப்பம்மா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னாள்:

"அன்னிக்கு வெளிய ஒக்கார வெச்ச. நாளிக்கு உள்ள ஒக்காந்துக்கிறேன். போக்கா."

நவம்பர் 7, வெள்ளி

வெயில். புழுக்கம். பத்தரைக்கே போய்விட்டேன். இருபத்தாறில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். கொடியில் ஈரத்துணி, பாய்கள் விரித்தபடி, மூட்டைகள் சுவரோரம். லூர்துவின் கை மூன்று தடவை துடைப்பத்துக்குப் போனது. தேவி அதைப் பிடுங்கித் தன் பாய்க்கு அடியில் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டாள்.

ஆதித்யா சரியாகப் பதினொன்றரைக்கு. இரண்டு தடவை எண்ணினான். பிறகு தயங்கித் தயங்கி, போட்டோவுக்காக நாலு பேர் படுத்தால் நன்றாயிருக்கும் என்றான்.

ஒருத்தியும் அசையவில்லை.

"இன்னா நைனா," என்றாள் பாப்பம்மா, மெதுவாகத்தான். "கண்ண மூடிக்கினு படுக்கணுமா, தொறந்துக்கினா?"

பையன் முகம் கறுத்துவிட்டது. செல்லைப் பைக்குள் போட்டான். அப்புறம் ஒவ்வொருத்தியிடமும் இப்போது வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டான். இன்றைக்குப் போகவில்லை என்றார்கள். குறித்துக்கொண்டான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் நிருபர் வேலை பார்த்தவன், கேட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 8, சனி

மறுபடி மேகம். மதியம் லூர்து கூப்பிட்டார், அறிக்கை வந்துவிட்டது. மந்தைவெளிக்கு ஆட்டோ.

நிதி நீட்டிப்பு, மூன்று மாதம் மட்டும். ஆய்வில் கண்டது: 'வேலை நேரத்தில் தங்கியிருப்போர் அனைவரும் வேலையின்றிக் காணப்பட்டனர்.' ஆகவே நிபந்தனை. தினமும் காலை பதினொன்று முதல் ஒன்றுவரை தொழிற்பயிற்சி. வராதவர்கள் காப்பகவாசிகளாகக் கணக்கில் வர மாட்டார்கள்.

இரண்டு தடவை படித்தேன். அங்கேயே நின்று ஆதித்யாவுக்கு ஃபோன் போட்டேன். குரல் இறங்கித்தான் இருந்தது.

"பார்த்ததைத்தான் சார் எழுதினேன்."

மறுபடி உண்மை. இவர்கள் பொய்யே சொல்வதில்லை. இருபத்திரண்டு பேரை ஒருநாள் பிழைப்பைக் கெடுத்து உட்கார வைத்துவிட்டு, உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதுவார்கள்.

பாப்பம்மா காப்பகத்தில்தான் இருந்தாள். மெஸ்ஸில் இருக்க வேண்டிய நேரம். காலையில் போனபோது அவளுடைய தொட்டியில் வேறொருத்தி கழுவிக்கொண்டிருந்தாளாம். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

காயிதத்தில் இன்னா போட்டுக்கீது என்று கேட்டாள். லூர்து படித்தார், நிபந்தனைவரை.

"வேற மெஸ்ல வேலை கெடச்சு, பதினோரு மணிக்கு நான் அங்க போய்ட்டா?"

லூர்து காகிதத்தைப் பார்த்தபடி, அப்படியென்றால் உன் பெயர் லிஸ்டில் வராது என்றார்.

"வேலைக்குப் போனா படுக்க எடம் இல்ல."

லூர்து என்னிடம் திரும்பி, மூன்று மாதமாவது வந்ததே சார், இப்போது எழுதினால் அதுவும் போய்விடும் என்றார். தப்பாகச் சொல்லவில்லை. மற்ற இருபத்தைந்து பேருக்கும் டிசம்பரிலும் இரவுச் சோறு இருக்கும்.

"நீ எழுது சார்," என்றாள் பாப்பம்மா. "எம் பேரப் போட்டே எழுது. பாப்பம்மா, பதினோரு வருசம் பாத்திரம் கழுவுனான்னு."

லூர்துவைப் பார்த்தேன். உள்ளே போய் அரிசி களையத் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மெஸ் எந்தத் தெரு, முதலாளிக்கு முழுப்பெயர் என்ன என்று பாப்பம்மாவைக் கேட்டேன். சொன்னாள். நோட்டைத் திருப்பி, எழுதிக்கொண்டேன்.